உறுப்பினரைக் கேட்காமல் எழுதிய தீர்மானம்: கூட்டுறவுச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தீர்மானத்தை எதிர்த்து இம்மடலை எழுதுகிறேன். மரபணு மாற்றம் செய்த எந்தப் பயிரும், ஆய்வுக்காகக்கூட, பேராக் மாநிலத்தின் பீடோர் வட்டாரத்துக்குள் வரக்கூடாது என்று சங்க உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக வேண்டிக்கொள்வதாக அத்தீர்மானம் கூறுகிறது. அதன் நகல் அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்றும் அடியில் குறிப்பு இருக்கிறது. நான் இச்சங்கத்தின் உறுப்பினர். சந்தா பாக்கி வைத்ததில்லை. பொதுக்கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவள். இப்படியொரு தீர்மானம் எந்தப் பொதுக்கூட்டத்திலும் முன்வைக்கப்படவில்லை. என் நிலத்துக்கு அக்கம்பக்கத்தில் பப்பாளி பயிரிடுகிறவர்களிடமும் விசாரித்தேன். அவர்களிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்கப்படாதவர்களின் பெயரால் ஒருமனது என்று எழுதுவதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தீர்மானம் எதனால் வந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியவேண்டும். பப்பாளியை அழிக்கும் மாத்தி ரோசோட் நோயைப் பற்றி எங்களோடு பேச விரும்பிய ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு, சங்க மண்டபத்தை ஒரு காலைப்பொழுதுக்குக் கேட்டது. நோய் கண்ட இலைக்காம்புகளை மாதிரியாக எடுத்துச் செல்வதும், நோயைத் தாங்கும் மரத்தை உருவாக்க உள்ள வழிகளை விளக்குவதும், மரபணு மாற்றம் அந்த வழிகளில் ஒன்றாக இருக்கலாமா என்று எங்களிடமே கேட்பதும்தான் அவர்களின் நோக்கம். யாருடைய நிலத்திலும் எதையும் நடுவதற்கு அவர்கள் அனுமதி கேட்கவில்லை. மண்டபம் மறுக்கப்பட்டது. அக்குழுவோடு தனியாகப் பேசும் உறுப்பினரின் பழத்தைச் சங்கத்தின் சேகரிப்பு நிலையம் எடுத்துக்கொள்ளாது என்றும் எங்களில் சிலரிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அந்த நிலையத்தின் வழியாகத்தான் எங்கள் பழம் கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்கு லோரி ஏறுகிறது. சொந்தமாக லோரி வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு விவசாயிக்கு அந்தக் கதவு அடைபட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பது செயற்குழுவுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

செயற்குழுவில் உள்ளவர்களில் பெரும்பாலோர் செம்பனையும் கொய்யாவும் வைத்திருக்கிறீர்கள். அதனால் மாத்தி ரோசோட் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விடாமல் மழை பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு காலையில் நிலத்துக்குப் போனால், குருத்துக்குக் கீழே, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக ஓர் ஈரத்திட்டு தெரியும். விரலால் அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். அடியில் நீர் கோத்திருக்கும். சில நாள்களில் அந்தக் காம்பு மடிந்து தொங்கும். பிறகு குருத்து சாய்ந்து அழுகும். காய்களின் மேலும் அதே ஈரப்புள்ளிகள் இறங்கும். முடிவில் தலையில்லாத தண்டு மட்டும் நிற்கும், அதில் நேற்றுவரை பழுக்கக் காத்திருந்த காய்கள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மரத்தில் கண்டால் அந்த மரத்தோடு முடியாது. மழைத்துளி தெறித்தும், பூச்சி வழியாகவும், நாம் வெட்டும் பாராங் கத்தி வழியாகவும் பக்கத்து மரத்துக்குப் போகும்.

இதற்கு மருந்து இல்லை. செம்பு கலந்த மருந்தைத் தெளித்துப் பார்த்தோம், பணம்தான் போயிற்று. வேரோடு பிடுங்கி, குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் பாராங்கைக் குளோராக்ஸ் என்னும் வெளுப்பு மருந்து கலந்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். என் நிலத்தில் முதன்முதலில் இந்நோய் பரவியபோது, நான் மாமா என்று அழைக்கும் பக்கத்து நிலத்துப் பெரியவர் தாமாகவே மண்வெட்டியோடு வந்தார். என் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். "உன்கிட்டேருந்து எனக்கு வந்துச்சா, என்கிட்டேருந்து உனக்குப் போச்சான்னு பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு நிலமும் போயிடும்மா, வா, சேந்து புதைப்போம்" என்றார். காய் பிடித்த மரங்களை அன்று மாலைவரை இருவரும் புதைத்தோம். அந்தப் பருவத்துக்கு வாங்கிய உரக் கடனை அதற்குப் பிறகு மக்காச்சோளம் போட்டுத்தான் அடைத்தேன். அவர் பப்பாளியையே விட்டுவிட்டார்.

இது எங்கள் இரண்டு நிலங்களோடு நின்ற துயரம் அல்ல. 2003ஆம் ஆண்டுவாக்கில் ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட இந்நோய், அடுத்த சில ஆண்டுகளில் தீபகற்பத்தின் மற்ற பப்பாளி வட்டாரங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ 800 எக்டர் பாதிக்கப்பட்டு, சுமார் பத்து லட்சம் மரங்கள் அழிந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எர்வினியா மல்லோத்திவோரா என்னும் பாக்டீரியாதான் இதற்குக் காரணம் என்று நம் நாட்டின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டியின் ஆய்வாளர்களே கண்டறிந்து சொன்னார்கள். 1987ல் மார்டி வெளியிட்ட எக்சோத்திக்கா ரகம், ஹவாயின் சன்ரைஸ் சோலோவையும் நம் சுபாங் 6ஐயும் கலந்து, பொறுமையாகத் திரும்பத் திரும்ப இனக்கலப்புச் செய்து எடுத்த அருமையான பழம். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் மலேசியப் பப்பாளிக்குப் பெயர் வாங்கித் தந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த நோய் மிக எளிதாகத் தாக்குவதும் அதே ரகத்தைத்தான். நோயை ஓரளவு தாங்கும் வியோரிக்கா என்னும் ரகத்தை மார்டி பின்னர் உருவாக்கியது; அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் எங்களிடம் வரும் மொத்த வியாபாரி கேட்பது எக்சோத்திக்காவையோ செக்காக்கி ரகத்தையோதான். சாப்பிடுகிறவர்களுக்குப் பழகிய பழத்தைக் கைவிடாமல் நோயை மட்டும் எப்படி விலக்குவது என்பதுதான் எங்கள் முன்னால் இருக்கும் கேள்வி. ஆய்வுக் குழு பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

இதே கேள்வியை வேறொரு பயிரில் வேறொரு நாட்டு விவசாயிகள் நெடுங்காலமாகச் சந்தித்து வருகிறார்கள். அவர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்பதைச் செயற்குழு நிதானமாகப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். கலிபோர்னியாவில் 1880களில் அனஹைம் வட்டாரத்தின் திராட்சைத் தோட்டங்கள் பல்லாயிரம் ஏக்கர் அளவில் பட்டுப்போயின. அந்நோயை ஆராய்ந்த நியூட்டன் பியர்ஸ் என்பவரின் பெயரால் அது இன்றும் பியர்ஸ் நோய் என்று அழைக்கப்படுகிறது. சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியா இதற்குக் காரணம் என்பது 1970களில்தான் உறுதிப்பட்டது. கொடியின் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுபோகும் குழாய்களுக்குள்ளேயே அது குடியேறிப் பெருகி, அந்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் இலை ஓரத்திலிருந்து கருகும். சில ஆண்டுகளில் கொடியே செத்துவிடும். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் அதை ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குக் கொண்டுபோகின்றன. 1990ஐ ஒட்டி வெளியிலிருந்து வந்து சேர்ந்த, வெகுதூரம் பறக்கக்கூடிய ஒருவகைத் தத்துப்பூச்சியால் 1990களின் இறுதியில் தெமெக்குலா பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2001ல் கலிபோர்னியாவில் பியர்ஸ் நோய்க்கென்றே ஒரு வாரியம் சட்டப்படி அமைக்கப்பட்டது. ஒயின் திராட்சை விவசாயிகள் தங்கள் விளைச்சலின் மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் அதிகபட்சம் 3 டாலர் என்ற அளவுக்குள் தாங்களே பணம் செலுத்தி ஆய்வுக்கு நிதி தருகிறார்கள். அந்த வரியைத் தொடர்வதா வேண்டாமா என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர்களே வாக்களிக்கிறார்கள். நோயைச் சுமப்பவர்கள் கையில்தான் பணமும் வாக்கும் இருக்கின்றன. அந்தப் பணத்தை அவர்கள் ஒரே வழியில் போட்டுவிடவுமில்லை. பூச்சியைக் கட்டுப்படுத்தும் ஆய்வுக்கும், பழைய முறை இனக்கலப்புக்கும், மரபணு மாற்றத்துக்கும் இடம் கொடுத்து, எது பலன் தருகிறது என்று பார்த்தார்கள்.

இனக்கலப்பு வழியில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வாக்கர், தென்மேற்கு அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் காட்டில் வளரும் திராட்சை இனத்தில் இருந்த எதிர்ப்புத்தன்மையை நல்ல ஒயின் திராட்சைக்குள் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாகக் கலந்து, எதிர்ப்பு மரபணு எந்த நாற்றில் வந்திருக்கிறது என்பதை மரபணு அடையாளங்களைக் கொண்டு நாற்றுப் பருவத்திலேயே கண்டறிந்து தேர்ந்தெடுத்தார். ஐந்து புதிய ரகங்கள் 2019ல் வெளிவந்தன. இவை மரபணு மாற்றுப் பயிர்கள் அல்ல. மரபணு ஆய்வாளர் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அங்கே யாராவது தீர்மானம் போட்டிருந்தால், மரபணு மாற்றமே இல்லாத இந்த ரகங்களும் இவ்வளவு விரைவில் வந்திருக்காது. உங்கள் தீர்மானம் ஆய்வு என்ற சொல்லையும் சேர்த்துத் தடுக்கிறது. அதனால் எது எது எங்களுக்கு மறுக்கப்படுகிறது என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மரபணு மாற்ற வழியில் அங்கே நடந்ததையும் சொல்கிறேன். பேரிக்காயில் இயற்கையாக ஒரு புரதம் இருக்கிறது. பாக்டீரியா ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குப் போக, இடையிலுள்ள மெல்லிய சவ்வைக் கரைக்கும் நொதி ஒன்றைச் சுரக்கிறது. பேரிக்காயின் புரதம் அந்த நொதியைத் தடுக்கிறது. அதற்கான மரபணுவைத் திராட்சைக்குள் சேர்த்தபோது நோயின் கடுமை குறைந்ததாக டேவிஸ் ஆய்வாளர்கள் 2005ல் எழுதினார்கள். அதைவிட நான் வியந்தது அடுத்ததுதான். திராட்சையை அவர்கள் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். கீழே வேர்க்கட்டை ஒன்று, மேலே காய்க்கும் ரகம் வேறொன்று. வேர்க்கட்டையில் மட்டும் மரபணுவை மாற்றினால், அது உண்டாக்கும் புரதம் நீரோடு மேலே ஏறிப் போய்ச் சேர்கிறது. பழம் தரும் மேல்பகுதியின் மரபணு எதுவும் மாற்றப்படுவதில்லை. மேலே உள்ள கொடியை இப்படிக் காக்க முடியுமா என்பதைத்தான் அவர்கள் வயலில் வைத்துப் பார்த்தார்கள். உண்ணும் பழத்தில் கை வைக்காமல் மரத்தைக் காப்பாற்ற முடியுமா என்று அவர்கள் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள். பப்பாளியை நாம் விதை போட்டு வளர்க்கிறோம், ஒட்டுக்கட்டுவது வழக்கமில்லை. எங்கள் நோயும் குழாயை அடைப்பதில்லை, திசுவையே அழுகவைக்கிறது. ஆகவே திராட்சைக்குச் செய்ததை அப்படியே பப்பாளிக்குச் செய்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் மரத்துக்கு எது பொருந்தும் என்பதைத் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றுதான் சொல்கிறேன்.

திராட்சைக்குள் மனித மரபணுவைப் புகுத்திவிட்டார்கள் என்று நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய செய்தி உறுப்பினர் பலரைக் கலங்கவைத்தது. செயற்குழு உறுப்பினர் ஒருவரே அதைப் பகிர்ந்ததால் அதற்கும் விடை சொல்லியாக வேண்டும். அபய தண்டேக்கர் தலைமையிலான டேவிஸ் குழு 2012ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பகுதிகளை இணைத்து ஒரு புரதத்தை வடிவமைத்தார்கள். முதல் பகுதி பாக்டீரியாவின் மேலுறையை அடையாளம் கண்டு வெட்டும்; நம் இரத்தத்தின் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியைப் பின்பற்றி அது அமைக்கப்பட்டது. இரண்டாவது பகுதி அந்துப்பூச்சியிடமிருந்து அறியப்பட்டது. அது பாக்டீரியாவின் உறையில் துளையிடும். இது ஆய்வுக்கூடத்திலும் வயல் சோதனையிலும் பார்க்கப்பட்ட வழி. கடையில் விற்கும் எந்தத் திராட்சையிலும் இது இல்லை. மக்கள் இப்படிப்பட்ட மூலத்தை விரும்பமாட்டார்கள் என்பதை அந்தக் குழுவும் உணர்ந்துதான், அதே வேலையைச் செய்யக்கூடிய புரதங்களைத் திராட்சையிலிருந்தே எடுக்கும் முயற்சியில் பின்னர் இறங்கியது. கோயிலுக்குப் படைக்கும் பழத்தில் இன்னின்னது கூடாது என்று நமக்கு மனத்தடை இருப்பது நியாயம், எனக்கும் உண்டு. அந்தத் தடையை ஆய்வாளரின் முகத்துக்கு நேரே சொல்லும் வாய்ப்பைத்தான் நீங்கள் எங்களிடமிருந்து பறித்தீர்கள். எதைச் சேர்த்தால் ஏற்போம், எதைச் சேர்த்தால் ஏற்கமாட்டோம் என்பதைத் தொடக்கத்திலேயே நாங்கள் சொல்லியிருந்தால் அது ஆய்வின் போக்கையே மாற்றியிருக்கக்கூடும்.

தீர்மானத்தில் நீங்கள் எழுதியுள்ள மற்ற இரண்டு காரணங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. விதை நம் கையைவிட்டுப் போய்விடும், வாங்குகிறவர்கள் மறுப்பார்கள் என்கிறீர்கள். இரண்டுமே உண்மையான அச்சங்கள். இரண்டுக்கும் பப்பாளியிலேயே வரலாறு இருக்கிறது. ஹவாயின் பூனா வட்டாரத்தில் 1992ல் பரவிய வளையப்புள்ளி வைரஸ் அத்தீவின் பப்பாளியை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. டென்னிஸ் கொன்சால்வெஸ் தலைமையில் பொது நிறுவனங்களின் ஆய்வாளர்கள் உருவாக்கிய ரெயின்போ என்னும் மரபணு மாற்றுப் பப்பாளியின் விதை, காப்புரிமை உள்ளவர்களிடம் முறையாக உரிமம் பெற்று, 1998ல் விவசாயிகளுக்கு இலவசமாகவே வழங்கப்பட்டது. விதை யார் கையில் இருக்கும் என்பது தொழில்நுட்பத்தைப் பொறுத்தது அல்ல, ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்று அதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். ஒப்பந்தத்தில் எங்கள் நிபந்தனை இடம்பெற வேண்டுமானால் நாங்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். சந்தையைப் பற்றிய உங்கள் அச்சமோ முற்றிலும் நியாயமானது. ரெயின்போவை ஜப்பான் 2011வரை ஏற்கவில்லை; மரபணு மாற்றாத மரங்களோடு மகரந்தம் கலந்துவிடுகிறது என்று ஹவாயின் இயற்கை விவசாயிகள் முறையிட்டதும் உண்மை. தாய்லாந்தில் 2004ல் கோன் கேன் வட்டாரத்து ஆய்வு நிலையத்திலிருந்து மரபணு மாற்றுப் பப்பாளி விதை விவசாயிகளின் நிலங்களுக்குக் கசிந்து பெரிய குழப்பமே நடந்தது. இவை எல்லாம் நடந்தவை. ஆகவேதான் எந்த நிலத்தில், எவ்வளவு இடைவெளியில், யார் காவலில், கசிந்தால் யார் இழப்பீடு தருவது என்ற கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்கு இவற்றைக் கேட்கும் உரிமையும் சேர்ந்தே போய்விடுகிறது.

நம் நாட்டில் சட்டமே இல்லாத நிலையும் இல்லை. 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. மரபணு மாற்றிய எந்த உயிரையும் வயல் சோதனைக்காகக்கூட வெளியில் விட, தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி வேண்டும். நம் நாட்டில் எந்த மரபணு மாற்றுப் பயிரும் இன்றுவரை வணிகமுறையில் பயிரிட அனுமதிக்கப்படவில்லை. ஆனால் இறக்குமதியாகும் சோயாவிலும் மக்காச்சோளத்திலும் மரபணு மாற்றிய பல ரகங்களுக்கு உணவாகவும் தீவனமாகவும் அனுமதி உண்டு. சட்டம் இருந்தும் மக்களைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் அருகிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2010 டிசம்பரில் பகாங்கின் பெந்தோங் அருகே, டிங்கிக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தும் ஆய்வுக்காக ஏறத்தாழ 6,000 மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் விடப்பட்டன. அது பொதுமக்களுக்குத் தெரியவந்தது அடுத்த மாதம்தான். ஆய்வு நல்லதா கெட்டதா என்பதைவிட, எங்களுக்கு ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கோபமே அன்று பெரிதாக எழுந்தது. அதிகாரிகள் கேட்காமல் செய்தபோது நாம் கோபப்பட்டோம். இந்த முறை கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது நம் சங்கமே. இதை எழுதும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

தோட்டத் துண்டாடல் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, வேலையும் வீடும் இழந்து நின்றவர்கள் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிகளும். 1960ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்கள் தங்கள் கூலியிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக)க் கொடுத்துத்தான் அதில் சேர்ந்தார்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் வாழ்க்கையை முடிவு செய்கிறார்களே என்ற ஆற்றாமையே அவர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவந்தது. நம் சிறிய சங்கத்தை அமைத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். செம்பனைக்கு மாறிய தோட்டத்தைவிட்டு வெளியேறி, குத்தகை நிலத்தில் காய்கறி போட்டவர்கள், விலை பேசத் தனியாக நின்றால் முடியாது என்று தெரிந்து சேர்ந்தார்கள். அவர்கள் எழுதிய சங்க விதிகளின்படி உறுப்பினர் நலனைப் பாதிக்கும் கொள்கை முடிவு பொதுக்கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். சேகரிப்பு நிலையத்தை உறுப்பினரின் வாயை அடைக்கப் பயன்படுத்தலாம் என்று அவ்விதிகளில் எங்கும் இல்லை.

மரபணு மாற்றுப் பப்பாளி வேண்டும் என்று நான் கையெழுத்து வேட்டை நடத்தவில்லை. விவரம் எல்லாம் கேட்டபிறகு நானே வேண்டாம் என்று வாக்களிக்கவும் கூடும். என் மகன் படித்து முடித்துவிட்டு ஈப்போவில் வேலை தேடுகிறான். நிலத்துக்குத் திரும்பி வா என்று அவனைக் கூப்பிட எனக்கு ஆசை. நோய் வந்தால் எல்லாவற்றையும் புதைக்க வேண்டும் என்ற நிலையில் அந்த ஆசையை அவனிடம் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஆய்வு தொடங்கினாலும் பலன் வர ஆண்டுகள் ஆகும். வாக்கர் தம் திராட்சை வேலையில் செலவிட்டது இருபது ஆண்டுகளுக்கும் மேல். அதனால்தான் பேச்சைத் தொடங்குவதைக்கூட நீங்கள் தள்ளிப்போடுவது எனக்கு இவ்வளவு கவலை தருகிறது.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை. உறுப்பினர்களைக் கேட்காமல் நிறைவேற்றிய தீர்மானத்தை உடனே திரும்பப் பெறுங்கள். அதைப் பெற்ற ஒவ்வோர் அதிகாரிக்கும், அது செயற்குழுவின் கருத்தே தவிர உறுப்பினர்களின் ஒருமனதான முடிவு அல்ல என்று எழுத்துமூலம் தெரிவியுங்கள். ஆய்வுக் குழுவோடு பேசும் உறுப்பினரின் பழம் எடுக்கப்படாது என்று சொல்லப்பட்டதை எழுத்தில் மறுத்து, அந்த மறுப்பைத் தீர்மானம் ஒட்டிய அதே பலகையில் ஒட்டுங்கள். ஆய்வுக் குழுவை மீண்டும் அழைத்து, எங்கள் மண்டபத்தில், தமிழிலும் மலாயிலும், கேள்வி கேட்கப் போதிய நேரத்தோடு ஒரு விளக்கக் கூட்டம் நடத்துங்கள். மரபணு மாற்றத்தை எதிர்க்கும் நிபுணர் ஒருவரையும் அதே மேடைக்கு அழையுங்கள். நான் அவரையும் கேட்க விரும்புகிறேன். மாத்தி ரோசோட்டால் மரங்களை இழந்த உறுப்பினர்களின் பட்டியலையும் இழப்பையும் சங்கம் முறையாகப் பதிவு செய்து விவசாயத் துறைக்கு அனுப்பட்டும். நோய் தாங்கும் ரகங்களின் நல்ல விதை எங்களுக்குச் சங்கத்தின் வழியாகவே கிடைக்க ஏற்பாடு செய்யட்டும். இவற்றுக்குப் பிறகு, நோய் எதிர்ப்பு ஆய்வில் சங்கத்தின் நிலைப்பாடு என்ன, விதை உரிமை, இடைவெளி, இழப்பீடு ஆகியவற்றில் நம் நிபந்தனைகள் என்ன என்பதைப் பொதுக்கூட்டத்தில் இரகசிய வாக்கெடுப்புக்கு விடுங்கள். பப்பாளி பயிரிடுகிறவர்களின் வாக்கு எண்ணிக்கையைத் தனியாகவும் அறிவியுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்தக் கோரிக்கைகளைச் சேர்க்குமாறு விதிகளின்படி எழுதிய விண்ணப்பத்தையும், என்னோடு கையெழுத்திட்ட உறுப்பினர்களின் பெயர்களையும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சிநிரல் அச்சாகும் முன் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பப்பாளி பயிரிடும் உங்கள் சங்க உறுப்பினர்,
பீடோர், பேராக்